ஜாஸ் இசைச் சேகரிப்பு: பண்டமும் ஆவணமும்

1

எழுத்து மூலங்களையே முதன்மைச் சான்றாகக் கொள்ளும் மரபு வரலாற்றாய்வில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசையின் வரலாற்றை எழுத முற்படுவோருக்கு இம்மரபு பெரிதும் கைகொடுப்பதில்லை. அவ்விசையின் பெரும்பகுதி எழுதி வைக்கப்படாதது. வாசிக்கும் வேளையிலேயே கலைஞராற் படைக்கப்படுவது. 20ஆம் நூற்றாண்டின் முதல் மூன்று தசாப்தங்களில் அதனைப் பேணத்தக்க கலையெனப் பல்கலைக்கழகங்களோ நூலகங்களோ கருதவுமில்லை. எனவே அதன் வரலாறு இசைத்தட்டுகள், சுவரொட்டிகள், நடன மண்டப நுழைவுச்சீட்டுகள், நிகழ்ச்சி நிரல்கள், நிழற்படங்கள் முதலிய பொருள்களிலேயே பெரிதும் தங்கியுள்ளது. இவற்றைத் தேடித் திரட்டியோர் தனிப்பட்ட சேகரிப்பாளர்களே. இப்பொருள்கள் எவ்வாறு அழிந்தன, எவ்வாறு காக்கப்பட்டன, காத்தவர்களின் சமூக நிலையும் சுவையும் அவ்வரலாற்றை எவ்வாறு உருவாக்கின என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நியூ ஓர்லியன்ஸ் நகரின் படி போல்டன் இதற்குத் தக்க உதாரணமாவார். ஜாஸின் முன்னோடியெனப் போற்றப்படும் இந்தக் கோர்னெற் கலைஞர் 1907இல் மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு, 1931இல் அங்கேயே இறந்தார். அவரது வாசிப்பின் ஒலிப்பதிவு எதுவும் கிடைக்கவில்லை. அவரும் அவரது குழுவினரும் தோன்றும் நிழற்படம் ஒன்றே அறியப்பட்டுள்ளது. அக்குழுவில் ட்ரொம்போன் வாசித்த வில்லி கோர்னிஷ் பாதுகாத்து வைத்திருந்த அப்படம் 1939இல் நூலொன்றில் அச்சேறியது. அதனை எப்பக்கமாக அச்சிடுவது சரி என்பது பற்றியே ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு பக்கமாக அச்சிட்டால் கிற்றார் வாசிப்பவர் இடக்கையராகத் தோன்றுவார்; மறுபக்கமாக அச்சிட்டால் கிளாரினெற் வாசிப்போரின் கைகள் இடம் மாறிவிடும். ஒரு பெரும் கலைஞர் பற்றிய காட்சிச் சான்று முழுவதும் ஒரே காகிதத் துண்டில் தங்கியிருக்கும் நிலையை இது காட்டுகின்றது.

2

இப்பொருள்கள் ஆவணங்களாகப் பிறந்தவையல்ல; விற்பனைப் பண்டங்களாகவே பிறந்தன. முதலாவது ஜாஸ் இசைத்தட்டென வழங்கப்படுவது 1917 பெப்ரவரி 26இல் விக்டர் கம்பனியினால் நியூ யோர்க்கிற் பதிவு செய்யப்பட்டது. அதில் வாசித்த ஐவரும் வெள்ளையர். இவ்விசையை உருவாக்கிய மக்களே அதன் வாடிக்கையாளராகவும் இருக்க முடியும் என்பதைக் கம்பனிகள் உணர்ந்தது, 1920இல் மேமி ஸ்மித் பாடி ஓகே கம்பனி வெளியிட்ட 'கிரேஸி புளூஸ்' பெருந்தொகையாக விற்பனையான பின்னரேயாகும். அதன் பின்னர் கறுப்பின மக்களுக்கெனத் தனியான தொடர்கள் வெளிவரலாயின. ஓகேயின் 8000 தொடர், பரமவுண்டின் 12000 தொடர், கொலம்பியாவின் 14000 தொடர் என்பன அத்தகையன. புகையிரதத்திலும் உணவகத்திலும் நிலவிய நிறவொதுக்கல் இசைத்தட்டின் இலக்கத்திலும் பதிந்திருந்தது.

பரமவுண்ட் இசைத்தட்டுகளை வெளியிட்டது விஸ்கொன்சின் மாநிலத்திலிருந்த ஒரு நாற்காலிக் கம்பனியின் கிளை நிறுவனமாகும். இசைத்தட்டு இயந்திரங்களுக்கான மரப்பெட்டிகளைச் செய்துவந்த அக்கம்பனிக்கு இசைத்தட்டும் ஒரு துணைப்பண்டமே. கலைஞரிற் பலர் ஒரு தட்டுப் பக்கத்துக்கு இவ்வளவு என ஒரு தடவைக் கூலியே பெற்றனர். விற்பனையில் அவர்களுக்குப் பங்கு கிடைப்பது அரிதாயிருந்தது.

இசைத்தட்டின் மூலப்பொருளும் நோக்கத்தக்கது. அது அரக்குடன் கற்பொடியும் கரியும் சேர்த்து அழுத்திச் செய்யப்பட்டது. அவ்வரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே, சிறப்பாகச் சோட்டா நாக்பூர்ப் பகுதியின் மரங்களிலிருந்து சேகரிக்கப்பட்டுச் சென்றது. ஹார்லெம் கலைஞனின் மூச்சு, அவன் ஒருபோதும் கண்டிராத குடியானவரின் உழைப்பின் மீதே பதிந்தது.

3

பண்டம் விலைபோகாதவிடத்துக் கழிவாகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1927இல் ஏறத்தாழப் 10 கோடியாக இருந்த இசைத்தட்டு விற்பனை, பெரும் பொருளாதார மந்தத்தின் விளைவாக 1932இல் 60 இலட்சமளவுக்கு வீழ்ந்தது. சிறு கம்பனிகள் பல மறைந்தன. பரமவுண்டும் அவ்வாறே முடிவுற்றது. அதன் உலோக மூல அச்சுகளுட் பெரும்பாலானவை இன்று இல்லை. அக்கம்பனியின் சில பதிவுகள் கீறலும் தேய்வும் நிறைந்த ஓரிரு தட்டுகளிலேயே எஞ்சியுள்ளன.

அடுத்த அழிவு போரினால் நேர்ந்தது. கிழக்காசியப் போர் அரக்கு வரவைத் தடைசெய்ய, 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக் கம்பனிகள் அரக்கைப் பயன்படுத்துவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பழைய தட்டுகள் வீடுவீடாகச் சேர்க்கப்பட்டு, அரைக்கப்பட்டுப் புதிய தட்டுகளாயின. அவ்வாறு அரைபட்டவற்றுள் இருபதுகளின் ஜாஸ் தட்டுகள் எத்தனை என்பதை எவரும் கணக்கிடவில்லை.

அதே ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்க இசைக்கலைஞர் தொழிற்சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தை ஆரம்பித்தது. வானொலியிலும் உணவகங்களிலும் ஒலித்த தட்டுகள் கலைஞரின் வேலையைப் பறித்தன. ஆதாயமோ கம்பனிகளுக்கே சென்றது. எனவே தட்டுகளின் விற்பனையில் ஒரு பங்கு, வேலையற்ற கலைஞருக்கான நிதிக்கு வழங்கப்படவேண்டுமெனச் சங்கம் கோரியது. பெரிய கம்பனிகள் இரண்டும் 1944 நவம்பர் வரை இணங்கவில்லை. கோரிக்கையின் நியாயத்தை மறுக்கவியலாது. எனினும் ஸ்விங் இசை பீபொப் இசையாக மாறிய முக்கியமான காலப்பகுதி வணிக இசைத்தட்டுகளில் மிகக் குறைவாகவே பதிவாகியுள்ளது. படையினருக்கென 1943 முதல் 1949 வரை அரசு வெளியிட்ட 'வீ டிஸ்க்' தட்டுகள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. ஆயின் அவை வணிகத்துக்குப் பயன்படலாகாது என்ற உடன்பாட்டின்படி, திட்டம் முடிவுற்றதும் மூல அச்சுகளும் எஞ்சிய தட்டுகளும் அழிக்கப்பட்டன. படையினர் வீட்டுக்குக் கொணர்ந்தவையே பின்னர் சேகரிப்பாளரின் கைகளுக்கு வந்தன.

4

இவ்வழிவுகளுக்கு எதிராகவே சேகரிப்பாளரின் பணி நடைபெற்றது. அது பொருள்களைக் குவிப்பதோடு அமையவில்லை. ஓர் ஆய்வு முறையையும் தோற்றுவித்தது. அக்காலத் தட்டுகளிற் பல, குழுத் தலைவரின் பெயரையோ புனைபெயரையோ மட்டுமே தாங்கியிருந்தன. வாசித்தவர் யார், எங்கு, எப்போது என்பன குறிப்பிடப்படவில்லை. தட்டின் நடுத்தாளை ஒட்டிய வெற்றிடத்திற் பொறிக்கப்பட்ட பதிவிலக்கம் இவ்வினாக்களுக்குத் திறவுகோலாயிற்று. விற்பனை இலக்கம் மறுவெளியீட்டில் மாறலாம். பதிவிலக்கமோ குறித்த ஒலிப்பதிவுக்கே உரியது. ஒரே பாடலை இரு தடவை வாசித்திருப்பின் அவ்வேறுபாட்டையும் பதிவிலக்கத்துடன் வரும் குறியீடு பல வேளைகளிற் காட்டும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்ட பதிப்பாசிரியரின் பணியோடு இது ஒப்பிடத்தக்கது.

பரிஸ் நகரத்துச் சார்ள்ஸ் டெலோனே 1936இல் இத்தகைய விபரப்பட்டியலை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் பிரையன் ரஸ்ட் 1961இல் வெளியிட்ட விரிவான பட்டியல் ஆய்வாளருக்கு இன்றும் அடிப்படையாக விளங்குகின்றது. நியூ யோர்க்கிற் கொமடோர் எனும் இசைத்தட்டுக் கடையை நடத்திய மில்ட் கேப்லர், கம்பனிகள் கைவிட்ட தட்டுகளை மறுவெளியீடு செய்து, வாசித்த ஒவ்வொருவரின் பெயரையும் நடுத்தாளில் அச்சிட்டார். பெயரற்ற உழைப்பாளிக்குப் பெயரளித்த இச்செயலைச் சிறிதென மதிக்கவியலாது. கறுப்பின மக்களைக் கும்பல்கள் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைச் சாடும் 'ஸ்ரேஞ்ச் புரூட்' பாடலைக் கொலம்பியா கம்பனி பதிவுசெய்ய மறுத்தபோது, 1939இற் பில்லி ஹொலிடேயைக் கொண்டு அதனை வெளியிட்டவரும் இவரே.

5

எனினும் சேகரிப்பாளர் நடுநிலையான காப்பாளர் அல்லர். தொடக்ககாலச் சேகரிப்பாளரிற் பெரும்பாலோர் கல்விகற்ற வெள்ளையின இளைஞர். கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் வீடுவீடாகச் சென்று சில சதங்களுக்குத் தட்டுகளை வாங்கியோர் அவருட் பலர். தனிவாசிப்பின் வேகமும் எழுச்சியுமே அவர்களது அளவுகோல். மெல்லிய நடன இசையையும் பெண் கலைஞரின் குழுக்களையும் அவர்கள் பெரிதாகக் கருதவில்லை. அவர்கள் தேடாதவை பட்டியலிற் சேரவில்லை. பட்டியலிற் சேராதவை வரலாற்றிலும் இடம்பெறவில்லை.

மிசிசிப்பி மாநிலத்துப் பைனி வூட்ஸ் பாடசாலையில் 1937இல் உருவாகிய 'இன்ரநஷனல் ஸ்வீற்ஹார்ட்ஸ் ஒப் றிதம்' எனும் பெண்கள் குழு இதற்குச் சான்று. பல இனப் பெண்கள் இணைந்து வாசித்த இக்குழு நாடெங்கும் புகழ்பெற்றிருந்தும் அதன் ஒலிப்பதிவுகள் மிகச் சில. நிழற்படங்கள், நிகழ்ச்சி நிரல்கள், அங்கத்தவர் பேணிய நினைவுப்பொருள்கள் என்பவற்றைக் கொண்டே அதன் வரலாறு மீட்கப்பட்டு வருகின்றது.

காகிதப் பொருள்கள் சமூக உறவுகளையும் வெளிப்படுத்துவன. ஹார்லெமின் கொற்றன் கிளப்பில் எலிங்ரன் போன்ற கறுப்பினக் கலைஞர் வாசித்தனர்; பார்வையாளராகவோ வெள்ளையரே அனுமதிக்கப்பட்டனர். அடிமைக்காலப் பருத்தித் தோட்டத்தை நினைவூட்டிய அதன் அலங்காரம் அந்த உறவை மறைக்கவில்லை. அதே ஹார்லெமில் 1926 முதல் 1958 வரை இயங்கிய சவோய் நடனமண்டபத்தில் இரு இனத்தவரும் ஒரே தளத்தில் ஆடினர். இவ்விரு மண்டபங்களின் விளம்பரங்களையும் நிகழ்ச்சி நிரல்களையும் அருகருகே வைத்து நோக்குவோருக்கு, தட்டிற் கேட்கமுடியாத ஒரு வரலாறு புலப்படும். குழுவின் பெயரை அச்சிட்டு, மண்டபமும் திகதியும் பின்னர் சேர்ப்பதற்கென மேற்பகுதியை வெறுமையாக விட்ட சுவரொட்டிகளும் அத்தகையனவே. ஊர்தோறும் பேருந்தில் அலைந்த கலைஞரின் தொழில் வாழ்க்கை அவற்றிற் பதிவாகியுள்ளது.

6

கழிவாக எறியப்பட்டவை இன்று மீண்டும் பண்டமாகியுள்ளன. சார்ளி பார்க்கர் 1953இல் ரொறன்ரோவில் வாசித்த பிளாஸ்ரிக் சாக்சபோன் 1994இல் இலண்டனில் ஏலம் விடப்பட்டபோது, கன்சாஸ் சிற்றி நகரம் 93,500 பவுணுக்கு அதனை வாங்கியது. பொதுநிறுவனம் ஒன்று வாங்கியமையால் அது மக்களின் பார்வைக்கு வந்தது. ஏலத்திற் செல்வர் கைப்படும் ஏனையவற்றுக்கு அந்த உறுதி இல்லை. கம்பனிகளின் காப்பும் உறுதியானதன்று. 2008 ஜூன் முதலாந் திகதி ஹொலிவூட்டில் யூனிவேர்சல் நிறுவனத்தின் களஞ்சியம் தீப்பற்றியதில் மூலப்பதிவுகள் பல எரிந்தன. இழப்பின் பரிமாணம் 2019 வரை பொதுமக்களுக்குத் தெரியவரவில்லை.

பொருளை உடைமையாக்குவதும் இசையை உடைமையாக்குவதும் ஒன்றல்ல. வில்லியம் சவோரி எனும் ஒலிப்பதிவுப் பொறியியலாளர் முப்பதுகளின் பிற்பகுதியில் வானொலியில் ஒலித்த நிகழ்ச்சிகளைத் தட்டுகளிற் பதிந்து வைத்திருந்தார். மூன்று நிமிட எல்லைக்கு உட்பட்ட வணிகத் தட்டுகளில் இல்லாத நீண்ட வாசிப்புகள் அவற்றில் உள்ளன. ஏறத்தாழ 1,000 தட்டுகளைக் கொண்ட அச்சேகரிப்பை ஹார்லெமின் தேசிய ஜாஸ் நூதனசாலை 2010இற் பெற்றபோதும், உரிமைச் சிக்கல்கள் காரணமாக அவற்றைப் பொதுமக்களுக்கு வெளியிடுவது கடினமாயிற்று. 2018இல் நிறைவேறிய அமெரிக்கச் சட்டத்தின்படி 1923க்கு முன்னர் வெளியான ஒலிப்பதிவுகள் 2022இற் பொதுவுடைமையாயின. 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டுக் காப்பு உண்டு. ஸ்விங் காலத் தட்டுகள் வணிகத் தளையிலிருந்து முற்றாக விடுபட முப்பதுகளும் நாற்பதுகளும் வரை காத்திருக்க வேண்டும். அரக்குத் தட்டு அதுவரை உடையாதிருத்தல் வேண்டும்.

இதனாற் பொதுச் சுவடிக்கூடங்களின் முக்கியத்துவம் தெளிவாகின்றது. 1952இல் மார்ஷல் ஸ்ரேர்ன்ஸ் நிறுவி, பின்னர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாஸ் ஆய்வு நிறுவனமும், 1958இல் துலேன் பல்கலைக்கழகத்தில் தோன்றிய சுவடிக்கூடமும் தனிச் சேகரிப்பாளரின் உழைப்பை அடித்தளமாகக் கொண்டு எழுந்தவை. துலேனின் சுவடிக்கூடம் முதிய கலைஞரின் வாய்மொழி வரலாற்றையும் பதிவுசெய்தது. தட்டைச் சேர்த்தோர், தட்டைப் படைத்தோரிடமே சென்று கேட்ட அந்நிலையிற்றான் சேகரிப்பு முழுமையான ஆய்வாயிற்று. கூலி பெற்றுப் பெயரின்றி மறைந்த கலைஞரின் படைப்பு, ஏலக்கூடத்தின் விலைப்பட்டியலிலன்றி மக்கள் அணுகத்தக்க பொதுக்கூடத்தில் அவர்களது பெயருடன் வைக்கப்படும்போதே, சேகரிப்பாளரின் உழைப்பும் அதன் சமூகப் பயனை எய்துகின்றது.