பழைய சைக்கிளை எடைக்குப் போடும் முன்...



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஓர் அக்கா எங்களிடம் வந்தார். "எங்க அப்பாவோட பழைய சைக்கிள் மாட்டுக் கொட்டகையில கெடக்கு. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேக்குறாரு. குடுத்துடலாமா?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "சின்னப் புள்ளையில அதுலதான் குரங்கு பெடல் போட்டுக் கத்துக்கிட்டேன். வயசுக்கு வந்ததும், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சைக்கிள்னு நிறுத்திட்டாங்க."

நம்மில் பலருக்கும் இந்தக் கதை உண்டு, இல்லையா? அந்த சைக்கிளை எடை போடுவது அப்புறம் இருக்கட்டும். அதற்குள் எத்தனை பேருடைய மூளை வேலை செய்திருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

மிதிகட்டை இல்லாத சைக்கிள்

1817-ஆம் ஆண்டு ஜெர்மனியில் மான்ஹைம் என்ற ஊரில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தால் ஒரு வண்டி செய்தார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். செயின் கிடையாது, பெடலும் கிடையாது. சீட்டில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். இரண்டு சக்கரத்தில் விழாமல் போகலாம் என்று காட்டியது அதுதான்.

1860-களில் பிரான்சில் முன்சக்கரத்திலேயே பெடல் வைத்தார்கள். ஒரு தடவை மிதித்தால் சக்கரம் ஒரு சுற்றுதான் சுற்றும். வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். அதனால் 1870-களில் முன்சக்கரம் சில வண்டிகளில் 5 அடி உயரம்வரை வளர்ந்தது! ஒரு கல் தடுக்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். நீளமான பாவாடை கட்டிய பெண்கள் அதில் ஏறுவது எப்படி?

செயின் செய்த மாயம்

1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த 'ரோவர்' சைக்கிள் இதற்கு வழி காட்டியது. பெடலை நடுவில் வைத்து, செயின் மாட்டி, பின்சக்கரத்தைச் சுற்ற வைத்தார்கள். சக்கரம் பெரிதாக இருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

கணக்கு எளிதுதான். பெடல் பக்கம் 44 பல், பின்சக்கரத்தில் 18 பல் என்று வையுங்கள். பெடல் ஒரு சுற்று வந்தால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். 28 அங்குலச் சக்கரம் என்றால் ஒரு மிதிக்கு 17 அடிக்கு மேல் போய்விடலாம். நடந்தால் இதற்கு ஏழெட்டு எட்டு வைக்க வேண்டுமே!

1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். மகனுடைய மூன்று சக்கர வண்டி கடகடவென்று ஆடாமல் ஓடட்டும் என்று அவர் செய்து பார்த்ததுதான் அது.

உள்ளே ஒளிந்திருக்கும் கெட்டிக்காரத்தனம்

ஸ்போக்ஸ் கம்பி: ஒரு கம்பியைத் தனியாக எடுத்து அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால் இழுத்தால் லேசில் அறாது. நம் கயிற்றுக் கட்டிலைப் பாருங்கள். கயிறு தொய்ந்தால் கட்டில் குழிந்துவிடும், இறுக்கிக் கட்டினால் நாலு பேரைத் தாங்கும். சக்கரத்திலும் அப்படித்தான். எல்லாக் கம்பியும் இழுத்துப் பிடித்து நிற்பதால்தான் அது நெல் மூட்டையையும் தாங்குகிறது.

பால்ரஸ் குண்டு: கனமான மரத்தைத் தரையில் இழுத்தால் நகராது. அடியில் உருளைக் கட்டை போட்டால் சுலபமாக உருளும். அச்சுக்குள் இருக்கும் சின்ன இரும்புக் குண்டுகள் செய்வதும் அதே வேலைதான்.

ஃப்ரீவீல்: இறக்கத்தில் மிதிக்காமல் போகும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வருமே, அது இதற்குள்ளிருந்துதான். உள்ளே சின்னக் கொக்கிகள் உண்டு. முன்னால் மிதித்தால் பல்லில் மாட்டி சக்கரத்தைச் சுற்றும். மிதிப்பதை நிறுத்தினால் பல்லின் மேல் வழுக்கிவிடும். இது வருவதற்கு முன் சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

டைனமோ: டயரில் உரசிச் சுற்றும் குப்பி. உள்ளே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. சுற்றினால் மின்சாரம் வரும். பேட்டரி வேண்டாம், கரண்ட் பில்லும் இல்லை!

பெண்களுக்காக மாறிய சைக்கிள்

1890-களில் மேல்நாட்டுப் பெண்கள் ஓட்டத் தொடங்கியதும் சைக்கிளே மாறியது. நடுவில் குறுக்கே போகும் பாரைத் தாழ்த்தினார்கள். செயினுக்குக் கவர் போட்டார்கள். உடை மாட்டாமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு வலை கட்டினார்கள். பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய அமெரிக்கப் பெண்மணி சூசன் பி. ஆண்டனி, பெண்களின் விடுதலைக்கு வேறு எதையும்விட சைக்கிள்தான் அதிகம் செய்திருக்கிறது என்ற கருத்தை 1896-இலேயே சொன்னார்.

நம் பக்கமும் சாட்சி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முன்னால் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு!

உங்கள் வீட்டில் பழைய சைக்கிள் இருந்தால்

* எடைக்குப் போடும் முன் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டுங்கள். பைப்பில் விரிசலோ ஓட்டையோ இல்லை என்றால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.
* தோல் சீட், டைனமோ, பழைய பெல் இவற்றைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.
* செயினுக்கு மெஷின் ஆயில் போடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசினாகி அழுக்குப் பிடிக்கும்.
* காற்று இறங்கிய டயரில் மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். டயர் வெடித்துப் போகும்.
* பழைய கம்பி பிரேக் மழையில் சரியாகப் பிடிக்காது. ஈரத்தில் மெதுவாகப் போங்கள்.

அந்த அக்கா என்ன செய்தார்?

கடைக்காரர் பார்த்துவிட்டு, "பைப் கல்லு மாதிரி இருக்கும்மா. டயர், ட்யூப், பிரேக் கட்டை, செயின் மாத்துனா போதும்" என்றார். அக்கா குழுவில் சிறிய உள்கடன் எடுத்துச் சரிசெய்துவிட்டார். இப்போது காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் பழகுகிறார். மகள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறாள். இரண்டு தடவை விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. "பால் சொசைட்டிக்கு மூணு கிலோமீட்டர் நடக்குறேன். கேன கேரியர்ல கட்டிட்டு ஒரு நாள் போயிட்டு வந்துட்டேன்னா போதும். அப்புறம் யார் சொன்னாலும் நிறுத்த மாட்டேன்" என்கிறார்.

சகோதரிகளே, உங்கள் குழுவில் எத்தனை பேருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்? தெரிந்தும் நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? எதனால் நிறுத்தினார்கள்? அடுத்த வாரக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.