எரியாத கம்பி

சிவகாசிப் பக்கம் கம்பி மத்தாப்பு செய்கிறவர்கள், சட்டத்தில் வரிசையாகச் செருகிய இரும்புக் கம்பிகளை மருந்துக் கூழில் முக்கி எடுத்து வெயிலில் காயவைப்பார்கள். பற்றவைத்தால் கூழிலுள்ள அலுமினியப் பொடி எரிந்து வெள்ளொளி தரும். இரும்புத்தூள் பூப்பூவாய்ச் சிதறும். மருந்து தீர்ந்தால் வெளிச்சமும் தீர்ந்தது. குண்டு பல்புக்குள் இருக்கும் கம்பிக்கோ இதற்கு நேர் எதிரான வேலை. வெண்மையாகப் பழுத்து ஒளிர வேண்டும். எரியவும் கூடாது, உருகவும் கூடாது. அந்தக் கம்பியை இழுத்துக் காட்டிய வில்லியம் கூலிட்ஜை நம் பட்டாசு மாவட்டத்துப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

1873-ல் அமெரிக்காவின் ஹட்சன் என்ற சிற்றூரில் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் படித்து, ஜெர்மனியின் லைப்சிக்கில் முனைவர் பட்டம் பெற்று, 1905-ல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அன்றைய பல்புகளில் பெரும்பாலும் கரி இழைதான். சூட்டை ஏற்றினால் கரி ஆவியாகிக் கண்ணாடியில் கறுப்பாய்ப் படியும். டங்ஸ்டன் என்னும் உலோகம் உருக 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும் என்பதால் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான். ஆனால் வளைத்தால் பட்டென்று ஒடிந்துவிடும். பொடியைப் பசையோடு குழைத்துச் செய்த டங்ஸ்டன் இழைகள் சின்ன அதிர்ச்சியைக்கூடத் தாங்கவில்லை.

மற்ற உலோகங்களை அடிக்க அடிக்க இறுகும், காய்ச்சினால் இளகும். டங்ஸ்டன் தலைகீழ். கூலிட்ஜ் டங்ஸ்டன் பொடியை அழுத்திப் பாளமாக்கினார். ஹைட்ரஜன் சூழ்ந்திருக்க மின்சாரம் பாய்ச்சிச் சுட்டார். செக்கச் சிவந்த நிலையிலேயே சுற்றிச் சுற்றி அடித்து மெலியவைத்து, வைர அச்சுத் துளைகள் வழியாக இழுத்தார். ஒவ்வொரு சுற்றிலும் உலோகத்தின் பொடிமணிகள் நீண்டு நார்நாராயின. கடைசியில் ஆறிய பிறகும் வளைகிற கம்பி கிடைத்தது. 1910-ல் இது கைகூட, அடுத்த ஆண்டே பல்புகள் கடைக்கு வந்தன. பல ஆண்டு உழைப்பு இது. வளையும் தன்மை டங்ஸ்டனுக்கு இயற்கையாகவே உள்ளது என்று சொல்லி 1928-ல் அமெரிக்க நீதிமன்றம் இதற்கான காப்புரிமையைச் செல்லாததாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே கம்பிதான் எக்ஸ்ரேயையும் மாற்றியது. பழைய எக்ஸ்ரே குழாய்கள் உள்ளே மிச்சமிருந்த வாயுவை நம்பி இயங்கின. வாயு கூடக் குறைய, கதிரும் மாறும். நேற்று எடுத்ததுபோல் இன்று படம் வராது. கூலிட்ஜ் 1913-ல் குழாயிலிருந்து வாயுவை முடிந்தவரை வெளியேற்றி, ஒரு முனையில் டங்ஸ்டன் கம்பியைச் சூடாக்கினார். அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் எதிர்முனை டங்ஸ்டன் வில்லையில் மோதும்போது எக்ஸ்ரே பிறக்கும். கம்பியின் சூட்டைக் கூட்டினால் கதிரின் அளவு கூடும்; மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஊடுருவும் வலிமை கூடும். ஆக, கைக்கு ஒரு கணக்கு, நெஞ்சுக்கு ஒரு கணக்கு என்று அளந்து கதிர் பாய்ச்ச முடிந்தது. இன்று மருத்துவமனைகளில் சுழலும் சி.டி. ஸ்கேன் வரை அடிப்படை இதுவே.

இங்கே நமக்குப் பழக்கமான ஒரு பெயரும் வருகிறது: பேரியம். மத்தாப்பு மருந்தில் நெடுங்காலம் பேரியம் நைட்ரேட் சேர்த்தார்கள். பட்டாசில் பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது. கரையும் பேரியம் உப்புகள் நஞ்சு. பேரியம் சல்பேட் கரையாது. குடித்தால் உடலில் சேராமல் வெளியேறிவிடும், எக்ஸ்ரேயையும் மறிக்கும். அதனால்தான் அதைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தால் இரைப்பையின் வடிவம் வெள்ளையாகத் துலங்குகிறது. அந்தப் படத்தில் புண்ணைக் கண்டுபிடிக்கத் தேவையான சீரான கதிரைத் தந்த கூலிட்ஜ், 1975-ல் தமது 101-ஆம் வயதில் காலமானார்.