வீக்கம் வடிவது எப்படி?

முள் தைத்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, சில நாளில் வடிந்துவிடுகிறது. வீங்குவது உடலின் வேலை, வடிவது தானாக நடப்பது என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் வடியவைப்பதும் செல் முனைந்து செய்யும் வேலைதான். அதற்கான மரபணுக்கள் இந்த அழற்சி தொடங்கும்போதே விழித்துக்கொள்கின்றன. ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986-ல் கண்டறிந்த என்எஃப்-காப்பா-பி என்ற புரதத்தைப் பார்த்தால் இது விளங்கும். சாதாரண வேளையில் ஐ-காப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து, உட்கருவுக்கு வெளியே வைத்திருக்கும். பாக்டீரியாவின் உறைப்பொருளோ டிஎன்எஃப் என்ற சமிக்ஞைப் புரதமோ செல்லைத் தொட்டதும் ஐ-காப்பா-பி மீது பாஸ்பேட் ஏற்றப்பட்டு, அது சிதைக்கப்படுகிறது. விடுபட்ட என்எஃப்-காப்பா-பி சில நிமிடங்களில் உட்கருவுக்குள் போய், டிஎன்ஏ-வில் ஏறக்குறைய 10 கார இணை நீளமுள்ள இடங்களில் அமர்ந்து, டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்களின் மரபணுக்களை இயக்குகிறது. அது இயக்கும் மரபணுக்களில் ஐ-காப்பா-பி-யின் மரபணுவும் ஒன்று! புதிதாக உருவான ஐ-காப்பா-பி உட்கருவுக்குள் நுழைந்து, என்எஃப்-காப்பா-பி-யை டிஎன்ஏ-விலிருந்து விலக்கி வெளியே கொண்டுவந்துவிடுகிறது.

கிருமி ஒழிந்தால் தூண்டுதலும் நின்றுவிடுமே, தனியாக அடக்குவானேன் என்று கேட்கலாம். நிற்காது. வெளியேறும் டிஎன்எஃப் அக்கம்பக்கத்துச் செல்களில் என்எஃப்-காப்பா-பி-யை மறுபடி எழுப்பும். ஏற்கெனவே உண்டான தூது ஆர்என்ஏ-வும் புரதத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் டிஎன்எஃப்-இன் தூது ஆர்என்ஏ-வின் வால்பகுதியில் அடினைனும் யுராசிலும் மிகுந்த ஒரு துண்டு இருக்கிறது. டிரிஸ்டெட்ராப்ரோலின் என்ற புரதம் அதைப் பற்றி, அந்த ஆர்என்ஏ விரைவில் சிதையும்படி செய்கிறது. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் டிஎன்எஃப் மரபணுவிலிருந்து இந்தத் துண்டுக்குரிய 69 கார இணைகளை மட்டும் நீக்கினார்கள். புரதத்தின் அமைப்பில் எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் எலிகளுக்கு மூட்டு அழற்சியும் குடல் அழற்சியும் வந்தன. அடக்கும் வழி ஒன்று அறுந்ததற்கே இந்த விலை.

அப்படியானால் என்எஃப்-காப்பா-பி-யையே மருந்தால் முடக்கிவிடலாமே? அதுவும் ஆபத்து. அதன் முக்கியக் கூறான ரெல்-ஏ இல்லாத எலிகள் கருவிலேயே இறக்கின்றன. டிஎன்எஃப்-இன் தாக்குதலைத் தாங்காமல் கல்லீரல் செல்கள் கூட்டமாக மடிகின்றன. செல்லைக் காக்கும் மரபணுக்களை இயக்குவதும் என்எஃப்-காப்பா-பி-தான். ஆகவே எவ்வளவு, எப்போது என்பதே கேள்வி. அழற்சி மரபணுக்களைத் தணித்து, அடக்கும் மரபணுக்கள் சிலவற்றை எழுப்பும் டெக்சாமெத்தசோன் என்ற மருந்து, 2020-ல் பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையில், ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளின் மரணத்தைக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை.