பெட்டியில் வரும் மின்கிட்டார்

மின்கிட்டார் கிட் என்பது அறுத்துக் குடைந்த மர உடல், ஃபிரெட்டுகள் பதித்த கழுத்து, பிக்கப், பிரிட்ஜ், பிருடைகள், மின்கம்பிகள், திருகாணிகள் எல்லாம் அடங்கிய ஒரு பெட்டி. மரத்துக்கு மெருகேற்றுவது, பாகங்களைப் பூட்டுவது, சுருதி நிற்கும்படி சரிசெய்வது ஆகிய மூன்றும் வாங்குபவரின் வேலை.

சாதாரண மேசையில் ஒரு வாத்தியத்தைப் பூட்ட முடிகிறதென்றால், அதற்கு வழிசெய்தவர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்திய லியோ ஃபெண்டர். அதுவரை கிட்டாரின் கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டுவதே வழக்கம். 1950-இல் சந்தைக்கு வந்து, மறு ஆண்டு டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய கிட்டாரில், அவர் கழுத்தை நான்கு திருகாணிகளால் உடலோடு முடுக்கினார். கழுத்து கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் இதே முறைதான். இன்றைய கிட்டுகளில் பல இவ்விரண்டின் சாயலில் உள்ளவை. கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டாரின் சாயலில் ஒட்டுக்கழுத்துக் கிட்டுகளும் கிடைக்கின்றன. ஆனால் பசை இறுகியபின் கோணப்பிழையைத் திருத்துவது பெரும்பாடு. முதன்முறை செய்பவர் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

கிட்டுக்குக் கொடுக்கும் விலையில் உண்மையில் மதிப்புள்ளது கழுத்துதான். வீணையில் மெழுகை இளக்கி மெட்டுகளை நகர்த்திச் சரிசெய்யலாம். கிட்டாரின் ஃபிரெட்டுகளோ மரத்தில் வெட்டிய பள்ளங்களில் அடித்து இறக்கப்பட்டவை. ஃபெண்டர் அளவில் தந்தியின் அதிரும் நீளம் 25.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 648 மி.மீ. பன்னிரண்டாம் ஃபிரெட் அதன் சரிபாதியில் விழ வேண்டும். மற்றவையும் கணக்குப்படி அமைய வேண்டும். இந்த நுட்பமான அளவு வேலையைத் தொழிற்சாலை முடித்துத் தந்துவிடுகிறது.

வண்ணம் பூசும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பார்க்க வேண்டும். ஓரத்துத் தந்திகள் இரண்டும் கழுத்தின் இரு விளிம்புகளிலிருந்து சம தூரத்தில் ஓடுகின்றனவா என்பதே முக்கியமான சோதனை. பிரிட்ஜை இடம் மாற்ற வேண்டியிருந்தால் அதைச் செய்யும் தருணம் இதுதான். திருகாணிக்கு முதலில் சிறு துளையிட்டு, மரையில் மெழுகு தேய்த்து முடுக்கினால் மரம் பிளக்காது. சில கிட்டுகளில் கழுத்தின் தலை வெறும் பலகையாகவே வரும். அதை விரும்பிய வடிவில் அறுத்துக்கொள்ளலாம்.

அதிக நாள் பிடிப்பது மெருகு வேலை. 120-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 180, 220, 320 என்று மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழும் கீறல் வெறும் மரத்தில் தெரியாது, சாயம் பட்டதும் பளிச்சென்று தெரியும். கசிந்து உலர்ந்த பசைத் துளியும் அப்படியே: சாயம் ஏறாமல் வெள்ளைத் திட்டாக நிற்கும். மகாகனி, ஆஷ் போன்றவற்றின் நுண்துளைகளை முதலில் மக்கு இட்டு அடைக்க வேண்டும். மலிவான கிட்டுகளில் அடிக்கடி வரும் பாஸ்வுட் மரத்துக்கு மக்கு தேவையில்லை. ஆனால் அது சாயத்தைத் திட்டுத்திட்டாக உறிஞ்சும் என்பதால், மரத்தை மறைக்கும் பெயின்ட்டே அதற்குப் பொருத்தம்.

எண்ணெய் மெருகு எளிது; துணியால் தேய்த்தாலே போதும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும், எனவே விரித்து உலர்த்த வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பழைய கிட்டார்களின் பூச்சு. ஒவ்வொரு பூச்சும் முந்தையதைக் கரைத்து அதனோடு ஒன்றாவதால் பிற்பாடு ஒட்டுப்போடுவது சுலபம். ஆனால் முழுமையாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டவரின் கிட்டாரில் விரல்ரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும். பாலியூரிதேன் விரைவில் இறுகும், அடி தாங்கும். ஸ்ப்ரே அடிக்கும்போது முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம். கழுத்து உட்காரும் பள்ளத்தை ஒட்டுநாடாவால் மறைக்காவிட்டால், அங்கே படியும் பூச்சு கழுத்தைச் சரியாக இறங்கவிடாது. பூச்சு இறுகியபின் 1000 முதல் 2000 எண் வரையிலான நீர்த்தாளால் ஈரத்தேய்ப்பு செய்து மெருகிட்டால் கண்ணாடிப் பளபளப்பு வரும்.

நிறத்துக்கு விதி ஏதுமில்லை. ஃபெண்டர் நிறுவனமே கார் பெயின்ட்டைத்தான் பயன்படுத்தியது. ஃபியெஸ்டா ரெட் என்பது ஃபோர்டு தண்டர்பேர்டின் நிறம். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தனித்தனியே வாங்கிய உடலையும் கழுத்தையும் பூட்டி, ஒட்டுநாடா ஒட்டிக் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக ஸ்ப்ரே அடித்த கிட்டார், 1978-இல் வெளிவந்த வான் ஹேலன் குழுவின் முதல் இசைத்தட்டின் உறையில் இடம்பெற்றது.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக்கம்பி. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, கம்பியில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. இந்தச் சமிக்ஞை பலவீனமானது. வீட்டு மின்சாரத்தின் ரீங்காரம் எளிதில் கலந்துவிடும். அதனால்தான் குழிகளுக்குள் செம்புத்தாள் ஒட்டி, பிரிட்ஜிலிருந்து தரைக்கம்பி இழுப்பது. ஒற்றைச்சுருள் பிக்கப்புக்கு 250 கிலோஓம், ஹம்பக்கர் எனும் இரட்டைச்சுருள் பிக்கப்புக்கு 500 கிலோஓம் கட்டுப்பாட்டுக் குமிழ்கள் வழக்கம். பல கிட்டுகளில் மின்கம்பிகளைச் செருகினாலே போதும். சால்டரிங் தேவைப்பட்டால், இணைப்பு நன்றாகச் சூடேறியபின் ஈயத்தை வைக்க வேண்டும். மங்கிக் கிடக்கும் பற்று விரைவில் விட்டுப்போகும்.

தந்தி கட்டியபின் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி வளைவைச் சரிசெய்ய வேண்டும். ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், ஏழாம் ஃபிரெட்டின் மேல் கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி போதும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. அடுத்து, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தடித்த தந்தியின் உயரம் சுமார் 2 மி.மீ. இருக்குமாறு பிரிட்ஜைத் தாழ்த்தலாம். ஓரிடத்தில் மட்டும் தந்தி கரகரத்தால், அங்கே ஏதோவொரு ஃபிரெட் தூக்கி நிற்கிறது. அதைத் தட்டி இறக்கியோ தேய்த்தோ சமப்படுத்த வேண்டும்.

கடைசியாக, தந்தியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. அதை ஈடுகட்ட, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியையும், அதே இடத்தில் தந்தியை மெல்லத் தொட்டெழுப்பும் மேல்சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் பிரிட்ஜில் உள்ள அந்தத் தந்தியின் தாங்கியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும், இறங்கியிருந்தால் முன்னுக்கு. ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் மீண்டும் சுருதி சேர்த்துவிட்டே ஒப்பிட வேண்டும். ஆறு தந்திகளுக்கும் இது முடிந்தபின் தாங்கிகள் ஒரே வரிசையில் இல்லாமல் முன்னும் பின்னுமாக நிற்கும். அதுதான் சரியான நிலை.