காலூன்றாத கடல்

“ஆழமில்லை எண்டு எழும்பி நிக்காதீங்க ரீச்சர். களைச்சால் மல்லாந்து படுங்க. காலை மட்டும் கீழ வைக்காதீங்க.”

புறாமலைக்கு முதன்முதல் போன நாளில் படகோட்டித் தம்பி எனக்குச் சொல்லித் தந்த பாடம் இவ்வளவுதான். உயிரியல் படிப்பிக்கிற எனக்கே அது முழுதாக விளங்க, அந்தத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் கிடக்க வேண்டியிருந்தது.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீற்றர் போனால் நிலாவெளி. கரையில் நின்று பார்த்தால், ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கடலுக்குள் கற்குவியல்கள் தெரியும். பெரிய தீவு ஒன்று, சின்னத் தீவு ஒன்று, சுற்றிவரத் தலைகாட்டும் பாறைகள். மாடப்புறாக்கள் தங்குவதால் புறாமலை என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் சுடுபயிற்சிக்கு இலக்காக இருந்த இடம் 1963இல் சரணாலயமானது. 2003இல் தேசியப் பூங்காவானது. சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டேயர்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் போனதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, எங்கள் கரையில் பலரைப் போல, முழங்கால் நனையும் அளவுக்கு மேல் நான் கடலில் இறங்கவில்லை. வகுப்பில் கரும்பலகையில் முருகைக்கல்லை வரைந்து விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை கேட்டாள்: “நீங்க நேர பாத்திருக்கிறீங்களா ரீச்சர்?” இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வருடம் ஜூனில் படகேறினேன். கிழக்குக் கடல் மே முதல் செப்டெம்பர் வரைதான் கண்ணாடி போல் கிடக்கும். வாடை தொடங்கினால் அலையும் கலங்கலும்தான்.

ஸ்நோர்கல் நீச்சலுக்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். கண்ணையும் மூக்கையும் மூடும் முகமூடி, வாயில் கவ்வும் ஒரு வளைந்த குழாய், உடலில் உயிர்காப்பு அங்கி. கண்ணாடியின் உட்புறத்தில் எச்சில் தடவி அலசினால் புகார் படியாது. முகத்தை நீரில் வைத்ததும் நெஞ்சு படபடக்கும். வாயால் மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டால் பத்து மூச்சுக்குள் அடங்கிவிடும். எனக்கு இருபது மூச்சு தேவைப்பட்டது. அதன்பிறகு கேட்டது கறுக், முறுக் என்று கொறிக்கும் சத்தம்.

கிளிமீன்கள். அலகு போன்ற பல்லால் அவை பாறையைச் சுரண்டி, அதிலுள்ள பாசியைத் தின்கின்றன. கூடவே உள்ளே போகும் கல்லைத் தொண்டைப் பல்லால் அரைத்து, வெள்ளை மணலாகக் கழிக்கின்றன. நாம் கால் புதைய நடக்கும் மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். ஒரா மீன்களும் கூட்டமாகப் பாசி மேய்ந்தன. இந்த மேய்ச்சல் நின்றுபோனால் பாசி ஏறி முருகையை மூடிவிடும்.

கீழே மான்கொம்பு போல் கிளைத்தது, கோவா இலை விரிந்தது போல் அடுக்கடுக்கானது, மூளை மடிப்பைப் போல் உருண்டது என்று முருகைக்கல் பல உருவில் கிடந்தது. கல் என்று சொல்கிறோம், ஆனால் அதன் மேல்தோல் முழுவதும் உயிர். கடுகளவும் மிளகளவுமான ஆயிரமாயிரம் சிறு விலங்குகள், கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தங்களுக்குக் கீழே வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலைப் பிடித்து உணவு சமைத்துக் கொடுக்கின்றன. நிறமும் பெரும்பாலும் அவற்றால்தான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை வெப்பம் கூடி, சில வாரம் நீடித்தாலே போதும், அந்த உறவு முறிந்துவிடும். பாசி வெளியேற, முருகை வெளுத்துப் பட்டினி கிடக்கும். 1998இல் அப்படித்தான் ஹிக்கடுவையிலும் வேறு பல இடங்களிலும் ஆழமற்ற முருகைத்திட்டுகள் மடிந்தன. புறாமலை அந்த முறை தப்பியது.

தப்பியதை நாங்கள் மிதித்தோம். போர் முடிந்த 2009க்குப் பிறகு ஆட்கள் பெருகி வந்தார்கள். கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். களைத்தவர் எழும்பி நிற்பார். நிற்கும் இடம் முருகையின் முதுகு. கிளைத்த வகை வருடத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவில் வளரக்கூடும். உருண்ட வகை ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே பெரிது. ஒரு தடவை வைத்த கால், ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் முடிக்கும் காலத்து வளர்ச்சியை நொறுக்கிவிடும். அன்று கரைக்குக் கிட்டிய அடித்தளத்தில் உடைந்த துண்டுகள் சாம்பல் நிறத்தில் பரவிக் கிடந்ததைக் கண்டபோதுதான் தம்பியின் பாடம் எனக்கு விளங்கியது.

நான் மிதந்துகொண்டே இருந்தேன். அசையாமல் கிடப்பவரைக் கடல் ஒரு மரக்கட்டை என்று எண்ணிக்கொள்ளும் போலிருக்கிறது. ஒரு கடலாமை எனக்கு இரண்டு முழம் கீழே வந்து, மேய்ந்து, மூச்செடுக்க மேலே எழும்பி, மறுபடி இறங்கியது. பிறகு சுறா. செட்டை நுனிகள் மையில் தோய்த்தெடுத்தது போல் கறுத்திருந்தன. நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்று படித்திருந்தும் எனக்கு உடம்பு விறைத்தது. இந்த இனம் வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றரை மீற்றர்தான்; ஆட்களைக் கண்டால் விலகிப்போகும் கூச்ச சுபாவம். ஒரு ஈற்றில் இரண்டு முதல் ஐந்து குட்டிகள், அவை ஒதுங்கி வளர்வது இந்த ஆழமற்ற தண்ணீரில். நான் பயந்த இடம் அதற்குப் பிள்ளை வளர்க்கும் முற்றம்.

அதனால் போகிறவர்களிடம் கேட்கிறேன்: நீந்தத் தெரியாவிட்டால் உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள், அது உங்களையும் முருகையையும் சேர்த்தே காக்கும். ஆமையைத் துரத்தாதீர்கள், மீனுக்குப் பாண் போடாதீர்கள். வெயிலுக்குக் களிம்பு பூசுவதற்குப் பதில் நீண்ட கைச்சட்டை போடுங்கள். சில களிம்புகளிலுள்ள இரசாயனம் முருகைக்குக் கூடாது என்று பலாவு 2020இலும் ஹவாய் 2021இலும் அவற்றின் விற்பனையைத் தடுத்தன.

போன வருடம் பன்னிரண்டு மாணவரைக் கூட்டிப்போனேன். தீவின் ஒரு கரை மணலில்லாமல் வெள்ளை முருகைத் துண்டுகளாகவே கிடக்கிறது. “ஒண்டு கொண்டு போகலாமா ரீச்சர்?” என்று கேட்டார்கள். பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்று சொல்லி, கைவில்லையைக் கொடுத்தேன். விரல் நீளத் துண்டில் நட்சத்திரக் குழிகளை எண்ணத் தொடங்கினார்கள். ஒவ்வொரு குழியும் ஒரு உயிர் இருந்த வீடு. அறுபதைத் தாண்டியதும் எண்ணிக்கை குழம்பிவிட்டது. துண்டை எடுத்த இடத்திலேயே வைத்தார்கள்.

பிறகு நீரில் இறங்கினோம். சற்று நேரத்தில் ஒருத்தி களைத்துப்போனாள். தண்ணீர் அவள் இடுப்பளவுதான். நான் வாய் திறக்குமுன், இரண்டு முழங்காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு மல்லாந்து, வானத்தைப் பார்த்தபடி மிதந்தாள்.