அறிந்துதான் ஏற்றிருக்கிறோமா?



ஒரு சமயத்தைச் சார்ந்திருப்பது வேறு. அது போதிப்பதை அறிந்திருப்பது வேறு. அறிந்ததை உள்ளத்தால் ஏற்பது வேறு. இம்மூன்றும் நம்மிடம் ஒருசேர அமைந்துள்ளனவா?

அமெரிக்கக் கத்தோலிக்கர்களிடம் இத்தகைய கேள்வி கேட்கப்பட்டது. திருப்பலியில் அப்பமும் திராட்சை இரசமும், தோற்றம் மாறாமலே, மெய்யாகவே ஏசுவின் உடலாகவும் குருதியாகவும் மாறுகின்றன என்பது அவர்களது திருச்சபையின் கோட்பாடு. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கமும், 1551இல் திரெந்து சங்கமும் இதனை அதிகாரபூர்வமாக உரைத்தன.

ஆனால், 2019இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பில் 31 விழுக்காட்டினரே இதை நம்புவதாகக் கூறினர். 69 விழுக்காட்டினர், அவை வெறும் அடையாளங்களே என்றனர்.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள்! திருச்சபையின் போதனையை அறிந்தே மறுத்தவர்கள் 22 விழுக்காட்டினர் மட்டுமே. 43 விழுக்காட்டினரோ, 'அடையாளம்' என்பதே திருச்சபையின் போதனை என்று எண்ணியிருந்தனர். தாம் விலகி நிற்பதையே அவர்கள் அறியவில்லை! வாரந்தோறும் திருப்பலிக்குச் செல்வோரிடையே மட்டும் நம்புவோர் 63 விழுக்காடாக இருந்தனர்.

வினாவின் வாசகத்தை மாற்றிக் கேட்ட 2023ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வில் நம்புவோர் தொகை ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. ஆகவே, ஓர் எண்ணை மட்டும் கொண்டு ஒரு சமுதாயத்தை எடைபோடுவது நீதியன்று. எனினும் ஆயர்கள் வாளாவிருக்கவில்லை. 2022இல் நற்கருணை மறுமலர்ச்சி இயக்கத்தைத் தொடங்கி, 2024இல் இண்டியானாபோலிஸ் நகரில் தேசிய மாநாடும் நடத்தினர்.

சகோதரர்களே! அக்கோட்பாடு நம்முடையதன்று. ஆயினும், பிறரைப் பார்த்து நகைப்பதற்காக இதை எழுதவில்லை. நம் வீட்டின் நிலை என்ன? ஈமானின் ஆறு அம்சங்களை அரபியில் தடையின்றி ஒப்பிக்கும் நம் பிள்ளை, அவற்றின் பொருளைத் தன் சொற்களில் கூறுமா? விதியை நம்புகிறோம் என்கிறோமே, அப்படியானால் முயற்சி எதற்கு என்று அது கேட்டால் நாம் விடை கூறுவோமா?

அறியாமைக்கு மருந்து கல்வி; ஐயத்திற்கு மருந்து பொறுமையான விளக்கம். ஐயத்தோடு வரும் பிள்ளையை அதட்டினால் வாய்தான் மூடும், உள்ளம் தெளியாது. மஃரிப் தொழுகைக்குப் பின் பத்து நிமிடம் குடும்பத்தோடு அமருங்கள். நாளுக்கு ஓர் அம்சம் போதும். பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேளுங்கள். தெரியாததை ஆலிம்களிடம் கேட்டறிய வெட்கப்படாதீர்கள்.

அறிந்து ஏற்று, ஏற்றபடி வாழும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.