தனிமைக்குத் துணை: அசோகமித்திரனின் நாவல்கள்

பல்கலைக்கழக வாழ்க்கை என்றதும் கூட்டமும் கொண்டாட்டமும்தான் பலரின் நினைவுக்கு வரும். விரிவுரை மண்டபம், உணவகம், விடுதி அறை என எங்கும் ஆட்களுக்கு நடுவில்தான் இருக்கிறோம். ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலை அறைத்தோழர்கள் ஊருக்குப் பேருந்து ஏறியபின், வாளியில் துணியை ஊறவைத்துவிட்டு நிற்கும்போது ஒரு வெறுமை சூழ்வதை நம்மில் பலர் அறிவோம். வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லும் அளவுக்கு அது பெரிய துன்பமும் அல்ல. இத்தகைய தனிமையைத் தம் நாவல்களில் தொடர்ந்து எழுதியவர் அசோகமித்திரன். அவருடைய எழுத்து ஏன் ஆறுதல் தருகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்தாளரைப் பற்றி

அசோகமித்திரனின் இயற்பெயர் தியாகராஜன். 1931ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் பிறந்தார். தந்தையார் இரயில்வேயில் பணிபுரிந்தவர். அவர் மறைந்தபின் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த அசோகமித்திரன், 1966இல் அதைவிட்டு விலகி எழுத்தையே தொழிலாகக் கொண்டார். ‘கணையாழி’ இதழின் ஆசிரியர் பொறுப்பிலும் இருந்தார். ‘அப்பாவின் சிநேகிதர்’ எனும் சிறுகதைத் தொகுப்புக்காக 1996இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். 2017 மார்ச் மாதம் மறைந்தார்.

ஜெமினியில் அவருக்கு இருந்த வேலைகளில் ஒன்று, நாளிதழ்ச் செய்திகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது. பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா உட்கார்ந்து தாள் கிழிப்பதாகவே தோன்றியிருக்கிறது. இதை அவரே நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். ஓர் ஓரத்தில் அமர்ந்து மனிதர்களைக் கவனித்த அந்த ஆண்டுகளின் பயனை, திரைப்பட உலகின் சாதாரணத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் காணலாம்.

தெருவெல்லாம் குடங்கள்

1973இல் நூலாக வந்த ‘தண்ணீர்’ அவருடைய நாவல்களில் மிகவும் பேசப்பட்டது. சென்னையில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனாவும் அவள் தங்கை சாயாவும் ஒரு வாடகை வீட்டில் வசிக்கிறார்கள். சினிமா வாய்ப்பு என்ற ஆசையைக் காட்டி ஜமுனாவின் வாழ்க்கையைக் குலைத்தவன் பாஸ்கர் ராவ். தங்கையும் கோபித்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட, ஜமுனா தன் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிகிறாள்.

அவளைத் தேற்றுபவர் அதே பகுதியில் வாழும் டீச்சரம்மா. அவர் அறிவுரை எதுவும் கூறுவதில்லை. இளம் வயதில் தம்மைவிட மிக மூத்த நோயாளிக்கு மனைவியாகி, மாமியாரின் கொடுமையையும் வேலைப்பளுவையும் ஒருங்கே சுமக்கும் தம் வாழ்க்கையைச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் ஜமுனா தன் துயரத்திலிருந்து மெல்ல வெளியே வருகிறாள். மறுபடியும் குடத்தை எடுக்கிறாள். நாவலின் இறுதியில், தன்னைத் தேடிவரும் பாஸ்கர் ராவைத் திருப்பி அனுப்பும் துணிவு அவளுக்கு வந்துவிடுகிறது.

2014இல் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது வாளியோடு காத்திருந்தவர்களுக்கு இந்நாவலின் சூழல் அந்நியமாக இராது. தண்ணீர் பிடிப்பது சலிப்பான வேலைதான். ஆனால் அந்த வேலைதான் ஜமுனாவைத் தெருவுக்குக் கொண்டுவருகிறது, அண்டை வீட்டாரோடு பேசவைக்கிறது. அன்றாட வேலை மனிதரைத் தாங்கிப்பிடிக்கிறது என்பதை அசோகமித்திரன் எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை, காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

பலமொழி நகரில் ஒரு தமிழ்ப் பையன்

1977இல் வெளிவந்த ‘18வது அட்சக்கோடு’ நமக்கு இன்னும் நெருக்கமானது. கதைக்களம் செகந்திராபாத். காலம் இந்திய விடுதலையை ஒட்டிய ஆண்டுகள். சந்திரசேகரன் இரயில்வே குடியிருப்பில் வளரும் தமிழ்ப் பையன். அவனைச் சுற்றி உருதும் தெலுங்கும் ஒலிக்கின்றன. அவனுக்குக் கிரிக்கெட் உண்டு, சைக்கிள் உண்டு, கல்லூரி உண்டு. ஆனால் முழுமையாக இது என் கூட்டம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியின் முதல் நாளில் தன் மொழி பேசும் முகத்தைத் தேடியவர்களுக்கு இந்தத் தனிமை விளங்கும். நானும் அவ்வாறு தேடியவர்களில் ஒருவர். பகைவர் யாரும் இல்லை. நல்ல நண்பர்களும் கிடைத்தார்கள். இருந்தும் மனத்தில் தோன்றுவதை இன்னொரு மொழிக்கு மாற்றியே பேச வேண்டியிருந்தது.

1948 செப்டம்பரில் இந்திய இராணுவம் ஐதராபாத்துக்குள் நுழைகிறது. கலவரச் சூழலில், அஞ்சி நடுங்கும் ஓர் ஏழைக் குடும்பத்தைச் சந்திரசேகரன் நேருக்கு நேர் காண நேர்கிறது. அவமானம் தாங்காமல் அங்கிருந்து ஓடுகிறான். தன் தனிமையை மட்டுமே எண்ணியிருந்த பையன், பிறருடைய அச்சத்தையும் உணரும் மனிதனாகும் இடம் அது.

ஆறுதல் எங்கிருந்து வருகிறது?

பள்ளிக்கூடத்தில் ஒரு கதையைப் படித்தால் அதன் கருப்பொருளையும் படிப்பினையையும் எழுதப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு அசோகமித்திரனை அணுகும் நண்பர்கள், “ஒன்றுமே நடக்கவில்லையே!” என்று புத்தகத்தைத் திருப்பித் தருவதுண்டு. அவருடைய வாக்கியங்கள் எளியவை. உணர்ச்சியைத் தூண்டும் அடைமொழிகள் மிகக் குறைவு. கதாபாத்திரத்தின் மீது இரக்கப்படுமாறு அவர் நம்மை வற்புறுத்துவதே இல்லை.

ஆறுதலுக்குக் காரணமும் அதுதான். தனிமையில் இருப்பவருக்கு ‘கவலைப்படாதே’ என்ற சொல் பெரும்பாலும் உதவுவதில்லை. தன்னைப்போலவே இன்னொருவரும் அரிசி களைந்து, பேருந்துக்குக் காத்திருந்து, அவமானத்தை விழுங்கிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறார் என்று காண்பது உதவுகிறது. தனிமையை ஒரு நோயாகவோ பெருமையாகவோ அவர் எழுதவில்லை. வெயிலைப்போல, மழையைப்போல அதுவும் வாழ்க்கையில் உள்ள ஒன்று.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஜமுனாவைக் காப்பாற்றியது புத்தகம் அல்ல. உட்கார்ந்து பேசிய ஒரு மனிதர். தனிமை தாங்கமுடியாத பாரமாகும்போது வாசிப்போடு நின்றுவிடாமல் ஒருவரிடம் வாய்திறந்து சொல்வது அவசியம். பக்கத்து அறையில் இருப்பவருக்கு நாமே டீச்சரம்மாவாக இருக்கவும் முடியும்.

அசோகமித்திரனை இதுவரை வாசிக்காதவர்கள் ‘தண்ணீர்’ நாவலிலிருந்து தொடங்கலாம். அது சிறிய நூல். ஒரு வார இறுதிக்குள் படித்துவிடலாம். அதன்பின் ‘18வது அட்சக்கோடு’. வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் செல்லவிருப்போர் ‘ஒற்றன்’ நாவலையும் கையோடு எடுத்துச் செல்லலாம். 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்த பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்தில் கலந்துகொண்ட அனுபவத்திலிருந்து பிறந்த நாவல் அது. அந்நிய ஊரின் குளிரையும் வேற்றுநாட்டு எழுத்தாளர்களின் நட்பையும் அதில் மெல்லிய சிரிப்போடு சொல்லிச் செல்கிறார்.